இரவு ஜாப்களுக்கு மணி குறிப்பதற்கு முன்னால்: எபேனுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

மொரீஷியஸின் எபேன் ஐடி நகரத்தில், இரவில் கணினி தானாக ஓட்டும் வேலைகளை (ஜாப் என்போம்) பார்ப்பது எங்கள் பேட்ச் குழு. போன வருடம் மதுரையிலிருந்து வந்து அதில் சேர்ந்த தம்பி, இரண்டாவது வாரமே தனியாக ஒரு ஜாப் போட்டான்: கடைகளின் விற்பனை ஃபைல்களை வைத்து, எந்தக் கடைக்கு என்ன அனுப்புவது என்று பட்டியல் போடும் வேலை. "அண்ணே, ராத்திரி 11 மணிக்குப் போட்டிருக்கேன். பத்தேகாலுக்குள்ள எல்லாக் கடை ஃபைலும் வந்துரும். முக்கால் மணி நேரம் சும்மாவே கிடக்கு" என்றான். கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஆனால் அன்று இரவு அந்த ஜாப் ஒன்பதரைக்கே ஓடிவிட்டது. அவனுடைய லேப்டாப் இன்னும் இந்திய நேரத்திலேயே இருந்தது. எங்கள் ஷெட்யூலரின் (ஜாப்களை நேரத்துக்கு ஓட்டும் மென்பொருள்) திரை, பார்ப்பவரின் கணினி நேரத்தைத்தான் எடுத்துக்கொள்ளும். மொரீஷியஸ் இந்தியாவுக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால். 18 கடைகளில் 7 கடைகளின் ஃபைல் மட்டும் வந்திருந்த வேளையில் ஜாப் ஓடி, வெற்றி என்று பச்சை காட்டி முடிந்தது. விடியற்காலையில் மீதி 11 கடைகளுக்கு என்ன ஏற்றுவது என்று தெரியாமல் கிடங்கில் லாரிகள் நின்றன.

பழி எல்லாம் நேர மண்டலத்தின் மேல் விழுந்தது. எனக்கு அது பாதி உண்மைதான் என்று பட்டது. நேரத்தைச் சரியாகப் போட்டிருந்தாலும் அந்த ஜாப் என்றைக்காவது ஒருநாள் இதே போல் விழுந்திருக்கும். ஒரு கடையில் இணையம் படுத்துக்கொண்டால் போதும். தனக்கு 18 ஃபைல் வேண்டும் என்பது அந்த ஜாப்புக்கே தெரியாது. மணி மட்டும்தான் தெரியும். அதனால் புதிதாக வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: மணி என்பது கடைசியாக நிரப்ப வேண்டிய கட்டம். அதற்கு முன்னால் நிரப்ப வேண்டியவை நிறைய இருக்கின்றன.

உங்கள் அலுவலகத்தில் ஷெட்யூலராகக் கண்ட்ரோல்-எம் இருக்கலாம், ஆட்டோசிஸ் இருக்கலாம், ஐபிஎம் வொர்க்லோட் ஷெட்யூலர் இருக்கலாம், லினக்ஸ் சர்வரோடு வரும் வெறும் க்ரானே இருக்கலாம். பெயர்கள் மாறும், யோசிக்கும் முறை மாறாது.

முதலில் காகிதம்

திரையைத் திறக்காதீர்கள். ஒரு தாளை எடுத்து அதன் அடியில் ஒரு மணியை எழுதுங்கள்: இந்த வேலையின் பலன் யார் கைக்கு, எத்தனை மணிக்குள் போக வேண்டும்? அங்கிருந்து மேலே ஏறுங்கள்.

அந்தக் கடை ஜாப்பையே எடுத்துக்கொள்வோம். கிடங்கு ரிச் தெர் பக்கம். மேற்பார்வையாளர் காலை 4:30 மணிக்குப் பட்டியலைக் கையில் எடுத்தால்தான் லாரிகள் நெரிசலுக்கு முன் கிளம்பும். பட்டியல் அச்சாக 5 நிமிடம். எந்தக் கடைக்கு எவ்வளவு அனுப்புவது என்ற கணக்கு 35 நிமிடம். இருப்பைத் திருத்துவது 55. அதற்கு முன் டேட்டாபேஸ் பேக்கப் 30. கடை விற்பனையை டேட்டாபேஸில் ஏற்றுவது 40. ஃபைல்களைச் சரிபார்ப்பது 5. மொத்தம் 170 நிமிடம், அதாவது 2 மணி 50 நிமிடம். 4:30இலிருந்து கழித்தால் 1:40.

1:40க்குத் தொடங்கினால் போதும் என்று இங்கே நிறுத்திவிடுவார்கள். போதாது. நடுவில் ஒன்று விழுந்தால்? தூங்குகிற ஆன்-கால் ஆளை (கூப்பிட்டால் வேலைக்கு வர வேண்டிய முறைக்காரரை) எழுப்பி, அவர் கண்ணைக் கசக்கி லேப்டாப்பைத் திறக்க 30 நிமிடம் ஆகும். இருப்பதிலேயே நீளமான வேலையை மறுபடி ஓட்ட 55 நிமிடம். ஆக இன்னும் 85 நிமிடம் முன்னே போக வேண்டும். நள்ளிரவு 12:15. இதுதான் உங்கள் கடைசி வாய்ப்பு. ஃபைல்கள் வழக்கமாக 10:15க்குள் வந்துவிடுகின்றன. ஆக, கையில் இருக்கும் இடைவெளி 2 மணி நேரம். இதைத் தெரிந்துகொள்ளாமல் ஷெட்யூலரைத் தொடுவது, முகூர்த்தம் எப்போது என்று கேட்காமல் சமையல்காரரைப் பிடிப்பது மாதிரி.

ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை நிமிடம் என்பதை யாரிடமும் வாய்வார்த்தையாகக் கேட்காதீர்கள். "ஒரு அரை மணி நேரம் ஆகும்" என்பார்கள். எல்லாருக்கும் எல்லாமே அரை மணி நேரம்தான். பழைய லாகிலிருந்து (ஜாப் ஓடியதைக் கணினி எழுதிவைக்கும் பதிவு) மூன்று மாதத்து நேரங்களை எடுங்கள். மாத இறுதி நாட்களைத் தனியாகப் பாருங்கள். மற்ற நாட்களில் 40 நிமிடம் ஆகும் வேலை அன்று 70 நிமிடம் இழுக்கும். சராசரியோடு சேர்த்து மோசமான இரவின் எண்ணையும் தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

எது எதற்காகக் காத்திருக்கும்

அடுத்து அம்புக்குறிகள். ஒவ்வொரு வேலைக்கும் முன்னால் எது முடிந்திருக்க வேண்டும், எந்த ஃபைல் இருக்க வேண்டும் என்று கோடு போடுங்கள். மேலே சொன்ன வரிசையில் பேக்கப்புக்கும் விற்பனை ஏற்றுவதற்கும் உண்மையில் தொடர்பு இல்லாமல் இருக்கலாம். தனித்தனி டேபிளாக இருந்தால் இரண்டும் ஒரே நேரத்தில் ஓடலாம், 30 நிமிடம் மிச்சம். இதை டேட்டாபேஸ் ஆளிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், நீங்களே முடிவு செய்யாதீர்கள்.

ஃபைலுக்குக் காத்திருக்கும் ஜாப்பில் ஒரு பழைய கண்ணி இருக்கிறது. ஃபைல் வந்துவிட்டதா என்று மட்டும் பார்த்தால், பாதி வந்த ஃபைலையும் அது எடுத்துக்கொள்ளும். கடையிலிருந்து 40 எம்பி ஃபைல் மெதுவாக ஏறிக்கொண்டிருக்கும்போது அதன் பெயர் ஃபோல்டரில் தெரிய ஆரம்பித்துவிடும். நான் பயன்படுத்தும் வழி: அனுப்புகிறவர் தற்காலிகப் பெயரில் ஏற்றட்டும், முழுதும் ஏறிய பிறகு உண்மையான பெயருக்கு மாற்றட்டும். அவர்கள் ஒத்துக்கொள்ளவில்லையா, ஃபைலின் அளவு தொடர்ந்து 60 வினாடி மாறாமல் இருந்தால்தான் வந்ததாகக் கொள் என்று உங்கள் பக்கத்தில் அமைக்கலாம். கடைசி வரியில் மொத்தம் எத்தனை பதிவுகள் என்ற எண் இருந்தால் இன்னும் நல்லது. சரிபார்க்கும் வேலை அதை எண்ணிப் பார்த்துக்கொள்ளும்.

எல்லாக் கடை ஃபைலும் வரவே இல்லையென்றால்? 12:15 ஆகிவிட்டது, 17தான் இருக்கிறது. நிற்பதா, போவதா? இது உங்கள் முடிவு இல்லை, என் முடிவும் இல்லை. வியாபாரத்தைப் பார்க்கிறவர்களிடம் எழுத்தில் வாங்குங்கள். எங்களுக்குக் கிடைத்த பதில்: வராத கடைக்குப் போன வாரம் அதே கிழமையின் விற்பனையை வைத்துக் கணக்கிடு, காலையில் ஒரு மின்னஞ்சல் அனுப்பு. இந்த ஒரு வரி பதில் கைக்கு வர மூன்று கூட்டம் ஆயிற்று. ஆனால் அதற்குப் பிறகு இரவு 12:15க்கு யாரையும் எழுப்ப வேண்டியதில்லை.

நாள் எப்போது தொடங்குகிறது

இதைப் புதியவர்கள் பெரும்பாலும் கவனிப்பதே இல்லை. செவ்வாய் இரவு 10:15க்குத் தொடங்கிய வரிசை புதன் விடியற்காலை 4:30க்கு முடிகிறது. இருப்பைத் திருத்தும் வேலை 12 மணிக்கு மேல் ஓடுகிறது. அதன் தேதி என்ன? கணினியைக் கேட்டால் புதன் என்னும். கடைக்காரரைக் கேட்டால் செவ்வாய் வியாபாரம் என்பார். கடைக்காரர் சொல்வதுதான் சரி.

நம் பஞ்சாங்கத்தில் நாள் சூரிய உதயத்தில்தான் பிறக்கும். நள்ளிரவு 2 மணிக்குப் பிறந்த குழந்தைக்கு முந்தின நாளின் கிழமையைத்தான் ஜோசியர் எழுதுவார். ஷெட்யூலரிலும் அப்படி ஒரு உதயத்தை நீங்கள் குறித்துவைக்கலாம். கண்ட்ரோல்-எம்மில் அதற்கு நியூ டே என்று பெயர், ஐபிஎம்மில் ஸ்டார்ட் ஆஃப் டே. அந்த நேரத்தில்தான் ஷெட்யூலர் புதிய நாளின் ப்ளானை, அதாவது அன்று ஓட வேண்டிய ஜாப்களின் பட்டியலை, உருவாக்குகிறது. அது நள்ளிரவு 12 என்று இருந்தால், வரிசையின் பாதி நேற்றைய ப்ளானிலும் பாதி இன்றைய ப்ளானிலும் விழுந்து ஒன்றையொன்று தேடிக்கொண்டிருக்கும். எங்களுடையது காலை 7 மணி. இரவு வேலை முடிந்து, பகல் வேலை சூடு பிடிக்காத நேரம். உங்கள் அலுவலகத்தில் இது ஏற்கெனவே முடிவாகியிருக்கும், மாற்றப் போகாதீர்கள். என்னவென்று மட்டும் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

கூடவே இன்னொன்றும் கேளுங்கள்: நாள் மாறும்போது முடியாமல் நிற்கும் ஜாப் என்ன ஆகும்? சில இடங்களில் அடுத்த நாளுக்குக் கூடவே வரும், சில இடங்களில் சத்தமில்லாமல் மறைந்துபோகும். கண்ட்ரோல்-எம்மில் அது எத்தனை நாள் காத்திருக்கலாம் என்று ஜாப்புக்கு ஜாப் எண் கொடுக்கலாம். விற்பனை ஏற்றும் ஜாப் காத்திருக்கத்தான் வேண்டும். தினசரி அறிக்கை ஜாப் மறைந்தால் நஷ்டமில்லை. மூன்று நாள் அறிக்கை சேர்ந்து ஒரே காலையில் வந்தால்தான் தொல்லை.

ஜாப் ஓட்டும் ஸ்கிரிப்ட்டுக்குள் (கட்டளைகள் எழுதிய ஃபைல்) கணினியின் இன்றைய தேதியைக் கேட்டு வாங்கும் வரி இருந்தால் அதை எடுத்துவிட்டு, ஷெட்யூலர் கொடுக்கும் வணிகத் தேதியை வாங்கச் சொல்லுங்கள். வியாழக்கிழமை மத்தியானம் செவ்வாய் ஜாப்பை மறுபடி ஓட்ட வேண்டி வரும்போது இதன் அருமை தெரியும்.

விடுமுறைக் காலண்டர்

இந்தத் தீவில் எங்கள் வேலையின் கடினமான பகுதி இதுதான். மொரீஷியஸில் ஆண்டுக்குச் சுமார் 15 பொது விடுமுறை. ஜனவரி 1, 2, பிப்ரவரி 1, மார்ச் 12, மே 1, நவம்பர் 2, டிசம்பர் 25 இவையெல்லாம் நிலையானவை. ஒரு தடவை போட்டால் போதும். மற்றவை நகரும். தைப்பூசக் காவடி 2024இல் ஜனவரி 25, 2025இல் பிப்ரவரி 11. மகா சிவராத்திரி, சீனர் வசந்த விழா, உகாதி, விநாயகர் சதுர்த்தி, தீபாவளி எல்லாம் ஆண்டுக்கு ஆண்டு தேதி மாறும். கத்தோலிக்க விடுமுறை ஒன்று ஓர் ஆண்டு ஆகஸ்ட் 15, மறு ஆண்டு நவம்பர் 1 என்று மாறி மாறி வரும். தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் இங்கே ஒரு தப்பு செய்வார்கள்: ஊர்க் காலண்டர் செயலியைப் பார்த்துத் தேதி போடுவது. பொங்கல் இங்கே பொது விடுமுறை இல்லை. மொரீஷியஸ் அரசின் பட்டியல் மட்டும்தான் கணக்கு.

ஈதுல் ஃபித்ர்தான் தனி ரகம். பிறை தெரிவதைப் பொறுத்து என்று அரசுப் பட்டியலிலேயே போட்டிருக்கும். முந்தின நாள் மாலைதான் உறுதியாகத் தெரியும். அதனால் அந்த ஒரு விடுமுறைக்கு நாங்கள் காலண்டரில் இரண்டு நாளைச் சந்தேக நாள் என்று குறித்துவைக்கிறோம். மாலை ஆறரைக்கு ஷிப்டில் இருப்பவர் செய்தி கேட்டு ஒன்றை உறுதி செய்வார், மற்றதை எடுத்துவிடுவார். உள்ளூர் நண்பர் போனில் கிரியோலில் ஒரே வார்த்தை சொல்வார்: "கொரெக்", சரி என்று. அது கேட்ட பிறகுதான் காலண்டரில் கை வைப்போம்.

காலண்டரில் விடுமுறை என்று போட்டால் மட்டும் போதாது. விடுமுறையன்று ஜாப் என்ன செய்ய வேண்டும் என்று சொல்ல வேண்டும். மூன்று வழி உண்டு: ஓடாமல் விடு, முந்தைய வேலை நாளுக்குத் தள்ளு, அடுத்த வேலை நாளுக்குத் தள்ளு. வங்கிக்குப் போகும் சம்பள ஃபைல் முந்தைய நாளுக்குத்தான் போக வேண்டும், இல்லையென்றால் ஆட்கள் கையில் காசில்லாமல் தீபாவளி கொண்டாடுவார்கள். கடைக் கணக்கு விடுமுறையன்றும் ஓடியே ஆக வேண்டும். கடை திறந்துதானே இருக்கிறது. நம் கணக்கையும் வங்கிக் கணக்கையும் ஒப்பிடும் ஜாப் அடுத்த வேலை நாளுக்குப் போகலாம். ஆக எல்லா ஜாப்புக்கும் ஒரே காலண்டரை ஒட்டாதீர்கள். வங்கிக்கு ஒன்று, கடைக்கு ஒன்று, வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு ஒன்று என்று குறைந்தது மூன்று வேண்டும்.

டிசம்பர் மாதம் தனிச் சிரமம். ஆண்டு இறுதி போனஸான 13ஆம் மாதச் சம்பளத்தின் பெரும்பகுதியைக் கிறிஸ்துமஸுக்கு முன்னதாகவும் மிச்சத்தை ஆண்டின் கடைசி வேலை நாளுக்குள்ளும் கொடுக்க வேண்டும் என்பது இங்கே சட்டம். இதைத் தேதி போட்டு அமைக்காதீர்கள். டிசம்பர் 25இலிருந்து பின்னோக்கி இத்தனை வேலை நாள் என்று அமைத்தால் ஒவ்வோர் ஆண்டும் திருத்த வேண்டியதில்லை. ஆனால் 2024 டிசம்பரில் நடந்தது போல, புதிய அரசு வந்து 14ஆம் மாத போனஸ் என்று சட்டமே கொண்டுவந்தால் எந்தக் காலண்டரும் உதவாது. அப்படிப்பட்ட நேரத்துக்காக, காலண்டரே இல்லாமல் கையால் ஒரு தடவை ஓட்டக்கூடிய நிலையில் சம்பள வரிசையின் ஒரு பிரதியை வைத்திருங்கள்.

புயலையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நவம்பரிலிருந்து மே வரை அது எங்கள் காலண்டரின் ஒரு பகுதி. எச்சரிக்கை 1 முதல் 4 வரை. 3 வந்தால் அலுவலகமும் கடையும் மூடும். 2024 ஜனவரி 15, பெலால் புயலில் போர்ட் லூயிஸ் தெருக்களில் கார்கள் மிதந்த நாள், அலுவலகத்திலிருந்து எல்லாரும் அவசரமாக வீட்டுக்கு ஓடினோம். அன்று மாலை ஒரு கடையிலிருந்தும் ஃபைல் வரவில்லை. எங்கள் வரிசை விசுவாசமாகக் காத்துக்கொண்டே இருந்தது. கூடவே அதற்காகக் காத்திருந்த வேறு 30 ஜாப்பும் நின்றன. அதன் பிறகுதான் புயல் பட்டியல் ஒன்று தயாரித்தோம். எச்சரிக்கை 2 வந்ததும் எதை நிறுத்துவது, எதை மட்டும் ஓட விடுவது, கடை மூடியிருந்தால் வெற்று ஃபைலை யார் வைப்பது என்று ஒரு பக்கத்துக்குள். மின்சாரமும் இணையமும் இருக்கும்போதே செய்து முடிக்கிற மாதிரி அது சின்னதாக இருக்க வேண்டும்.

நேர மண்டலம்

மொரீஷியஸ் நேரம் யூடிசிக்கு (உலகப் பொது நேரம்) 4 மணி நேரம் முன்னால், ஆண்டு முழுதும் அப்படியேதான். 2008 அக்டோபர் கடைசியில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிப் பார்த்தார்கள், 2009 மார்ச் கடைசியோடு விட்டுவிட்டார்கள். ஆக உள்ளூர் வேலைக்குப் பிரச்சினை இல்லை. எபேனில் பாதிப் பேர் பார்ப்பது பிரான்ஸ் வாடிக்கையாளர் வேலை. பாரிஸ் குளிர்காலத்தில் நமக்கு 3 மணி நேரம் பின்னால், கோடையில் 2. பாரிஸில் நள்ளிரவு 1 மணிக்கு விழும் ஃபைல் நமக்கு ஜனவரியில் காலை 4, ஜூலையில் 3.

வாடிக்கையாளரின் நேரத்துக்குக் கட்டுப்பட்ட ஜாப்பை அவர்கள் மண்டலத்திலேயே போடுங்கள்; நம் நேரத்துக்கு மாற்றிப் போட்டால் ஆண்டுக்கு இரண்டு தடவை கையால் திருத்த வேண்டும், ஒரு தடவை மறப்பீர்கள். மண்டலத்தைப் போடும்போது ஊர்ப் பெயரோடு போடுங்கள். யூடிசி கூட்டல் 1 என்று போட்டால் கோடை வந்தால் அதற்குத் தெரியாது.

பாரிஸ் மண்டலத்தில் அதிகாலை 2க்கும் 3க்கும் இடையில் எதையும் வைக்காதீர்கள். மார்ச் கடைசி ஞாயிறு அந்த ஒரு மணி நேரமே கிடையாது, 2 அடித்ததும் கடிகாரம் 3க்குத் தாவிவிடும். அக்டோபர் கடைசி ஞாயிறு அதே மணி இரண்டு தடவை வரும். 2:30 ஜாப் ஒரு நாள் ஓடாது, ஒரு நாள் இரண்டு தடவை ஓடும். 3:20க்குத் தள்ளிவைத்தால் தலைவலி போச்சு.

இப்போது மணி

இப்போதுதான் மணிக் கட்டத்துக்கு வருகிறோம், அதுவும் சீக்கிரம் முடியும். கடை வரிசையில் முதல் ஜாப்புக்கு மட்டும் மணி: இரவு 9:30க்கு ஃபைல்களைத் தேடத் தொடங்கு. மற்றவற்றுக்கு மணியே வேண்டாம், முந்தையது முடிந்ததும் ஓடட்டும். ஒவ்வொரு ஜாப்புக்கும் ஒரு மணி கொடுக்கும் பழக்கம் இருக்கிறவர்கள் உண்டு. வெறும் க்ரானில் வேறு வழியில்லை. நல்ல ஷெட்யூலர் இருந்தும் அப்படிச் செய்தால் காசு வீண்.

மணி கொடுத்தே ஆக வேண்டும் என்றால் 12:00, 1:00 என்று முழு மணியில் வைக்காதீர்கள். உலகமே அங்கேதான் நிற்கிறது. 12:07, 1:23 மாதிரி வையுங்கள். ஒரே டேட்டாபேஸைத் தாக்கும் ஜாப்கள் எத்தனை ஒரே நேரத்தில் ஓடலாம் என்று ஒரு எண் போடலாம். 4 என்று போட்டால் ஐந்தாவது வரிசையில் நிற்கும். அப்படி நிற்கும்போது யாருக்கு முதலிடம் என்பதற்கு முன்னுரிமை எண் கொடுங்கள். எல்லாமே அவசரம் என்று எல்லாவற்றுக்கும் 1 போட்டால் அந்தக் கட்டம் இருந்தும் இல்லாததுதான்.

விழுந்தால்

ஒவ்வொரு ஜாப்பையும் பார்த்து ஒரு கேள்வி கேளுங்கள்: இது இரண்டாம் தடவை ஓடினால் என்ன ஆகும்?

நான் இதைக் கேட்காமல் பட்டவன். வந்த முதல் வருடம், விற்பனை ஏற்றும் ஜாப் கடைசி நிமிடத்தில் விழுந்தது. நானும் யோசிக்காமல் மறுபடி ஓட்டினேன். பாதிக் கடைகளின் விற்பனை ஏற்கெனவே ஏறியிருந்தது, இப்போது இரண்டாம் தடவை ஏறியது. விற்பனை இரட்டிப்பானால் இருப்பு குறைந்த மாதிரி தெரியும், குறைந்த மாதிரி தெரிந்தால் இன்னும் அனுப்பு என்னும் கணக்கு. காலையில் ஒரு சின்னக் கடை வாசலில் வழக்கத்தைப் போல் இரண்டு மடங்கு ரொட்டி இறங்கியது. கடைக்காரம்மா போனில் கிரியோலில் என்ன சொன்னார் என்று எனக்குப் பாதிதான் புரிந்தது, அதுவே போதுமாக இருந்தது.

மறு ஓட்டத்தில் சேதமில்லாத ஜாப்புக்குத் தானாக இரண்டு தடவை, 5 நிமிட இடைவெளியில் முயற்சி செய் என்று அமைக்கலாம். சேதம் வரும் ஜாப்புக்குத் தானியங்கி மறு ஓட்டத்தை அணைத்துவிட்டு, முதலில் அந்த நாளின் பதிவுகளை அழித்துவிட்டு ஏற்றும்படி ஸ்கிரிப்ட்டைத் திருத்தச் சொல்லுங்கள். திருத்தும் வரை குறிப்பில் பெரிய எழுத்தில்: மறுபடி ஓட்டாதே.

இன்னொரு கண்ணி, ஜாப் விழுந்தும் ஷெட்யூலருக்குத் தெரியாமல் போவது. ஸ்கிரிப்ட் முடியும்போது திருப்பித் தரும் எண்ணைத்தான் அது பார்க்கிறது. 0 என்றால் வெற்றி. பல ஸ்கிரிப்ட்களின் கடைசி வரி, லாகில் "முடிந்தது" என்று எழுதும் வரி. எழுதுவது எப்போதும் வெற்றிதான். மேலே ஏற்றும் கட்டளை செத்திருந்தாலும் கடைசி வரி 0 தரும், திரை பச்சை காட்டும். ஏற்றும் கட்டளை தந்த எண்ணை உடனே பிடித்துவைத்து, கடைசியில் அதைத் திருப்பித் தரச் சொல்ல வேண்டும். புதிய ஸ்கிரிப்ட் கைக்கு வந்தால் நான் முதலில் கடைசி வரியைத்தான் படிப்பேன்.

ஆட்டோசிஸ் பயன்படுத்துகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஜாப்பை நிறுத்தி வைக்க ஹோல்ட், ஐஸ் என்று இரண்டு வழி இருக்கிறது, பார்க்க ஒன்று போலத் தெரியும். ஹோல்டில் வைத்தால் அதற்குப் பின்னால் இருக்கும் ஜாப்கள் காத்திருக்கும். ஐஸில் வைத்தால், அது முடிந்துவிட்டதாகக் கொண்டு பின்னால் இருப்பவை ஓடிவிடும். விற்பனை ஏற்றும் ஜாப்பை ஐஸில் வைத்தால் பழைய விற்பனையை வைத்துப் புதிய பட்டியல் அச்சாகும். அவசரத்தில் எதை அழுத்துவது என்று குழம்பினால் ஹோல்ட். தாமதம்தான் ஆகும், தப்பு நடக்காது.

யாரை எப்போது எழுப்புவது

விழுந்தால் அலெர்ட், இது எல்லாரும் வைப்பது. தாமதத்துக்கும் வையுங்கள்: கடை ஃபைல் 11:30க்குள் முழுதும் வரவில்லை என்றால் ஷிப்டில் இருப்பவருக்குச் செய்தி. கடைசி வாய்ப்பான 12:15க்கு 45 நிமிடம் இருக்கும்போதே தெரிந்தால் கடைக்குப் போன் போடலாம். நீளத்துக்கும் வையுங்கள், மோசமான இரவின் எண்ணைவிடக் கொஞ்சம் மேலே. சராசரிக்கு மேல் வைத்தால் மாத இறுதியில் போன் அடித்துக்கொண்டே இருக்கும், மூன்றாம் மாதம் யாரும் எடுக்க மாட்டார்கள்.

குறைந்த நேரத்துக்கும் ஒன்று வையுங்கள். 40 நிமிடம் ஓட வேண்டிய ஜாப் 2 நிமிடத்தில் பச்சையாக முடிந்தால் சந்தோஷப்படாதீர்கள், ஃபைல் காலியாக இருக்கிறது. மதுரைத் தம்பியின் ஜாப்பில் இந்த ஒரு அலெர்ட் இருந்திருந்தால் லாரி நிற்பதற்கு ஐந்தாறு மணி நேரம் முன்பே தெரிந்திருக்கும்.

மற்ற சில்லறை விஷயங்கள்

ஜாப்பை உங்கள் சொந்தக் கணக்கில் ஓட்டாதீர்கள். ஊருக்கு மூன்று வாரம் போவீர்கள், பாஸ்வேர்ட் காலாவதி ஆகும், ஜாப் நிற்கும். வேலையை விட்டுப் போனால் கணக்கையே மூடுவார்கள், உங்கள் பெயரைச் சொல்லி ஒரு மாதம் திட்டுவார்கள். இதற்கென்று சேவைக் கணக்கு (எந்த ஆளுக்கும் சொந்தமில்லாமல் ஜாப்புக்கென்றே இருக்கும் கணக்கு) கேட்டு வாங்குங்கள், அதன் பாஸ்வேர்ட் எப்போது மாறும் என்பதையும் கேளுங்கள்.

க்ரான் மட்டும் இருக்கும் பழைய சர்வர்கள் இன்னும் உண்டு. அதில் மாதத் தேதியையும் கிழமையையும் சேர்த்துக் கொடுத்தால், இரண்டும் பொருந்தும் நாளில் ஓடும் என்று நினைப்போம். ஓடாது, இரண்டில் எது பொருந்தினாலும் ஓடும். 13ஆம் தேதி, வெள்ளி என்று கொடுத்தால் எல்லா 13ஆம் தேதியும், எல்லா வெள்ளியும். 31ஆம் தேதி என்று கொடுத்தால் பல மாதம் ஓடவே ஓடாது. மாத இறுதி வேண்டுமென்றால் நாளைக்கு 1ஆம் தேதியா என்று ஸ்கிரிப்ட்டில் பார்க்க வேண்டும். க்ரான் பட்டியலைத் திருத்தக் கட்டளையோடு கொடுக்கும் ஆங்கில எழுத்து ஈ (e), மொத்தமாக அழிக்கும் எழுத்து ஆர் (r). இரண்டும் விசைப்பலகையில் பக்கத்துப் பக்கத்தில். இங்கே பாதி அலுவலகத்தில் இருக்கும் பிரெஞ்சு விசைப்பலகையிலும் அப்படியே. வழக்கமாக, அழிக்கும்போது ஒரு கேள்விகூடக் கேட்காது. தொடுவதற்கு முன் பட்டியலை ஒரு ஃபைலில் பிரதி எடுத்துவிடுங்கள்.

ஓட விடுவதற்கு முன்

நல்ல ஷெட்யூலர் எதுவும் வரப்போகும் நாட்களின் ப்ளானை முன்கூட்டியே காட்டும். ஓர் ஆண்டுக்கு எடுத்து, சில நாட்களை மட்டும் விரலை வைத்துப் படியுங்கள்: ஒரு சாதாரண செவ்வாய், ஒரு ஞாயிறு, ஜனவரி 1, 2, பிப்ரவரி கடைசி நாள், தைப்பூசம், ஈதின் இரண்டு சந்தேக நாட்கள், பாரிஸ் கடிகாரம் மாறும் இரண்டு ஞாயிறுகள், டிசம்பர் கடைசி வாரம். தப்பு இருந்தால் பெரும்பாலும் இந்தப் பத்துப் பன்னிரண்டு நாட்களுக்குள்தான் இருக்கும். 2026இல் தைப்பூசமும் அடிமை முறை ஒழிப்பு நாளும் ஒரே பிப்ரவரி 1இல் விழுந்தன. ஒரு நாளுக்கு இரண்டு விடுமுறை வந்தால் காலண்டர் ஏற்றும் ஸ்கிரிப்ட் என்ன செய்கிறது என்று பார்க்க அது நல்ல சோதனை.

ஆன்-கால் ஆளுக்கு ஒரு பக்கக் குறிப்பு எழுதுங்கள். ஜாப் என்ன செய்கிறது என்று கதை வேண்டாம். விழுந்தால் மறுபடி ஓட்டலாமா, எத்தனை மணி வரை காத்திருக்கலாம், அதற்கு மேல் யாருக்குப் போன், எதைச் செய்யவே கூடாது. இரவு 2 மணிக்குப் படிப்பவர் உங்களை விடப் புதியவர் என்று நினைத்து எழுதுங்கள். அவருக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம், அதனால் ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ.

முதல் இரண்டு வாரம் காலையில் வந்ததும் ஒவ்வொரு ஜாப்பும் உண்மையில் எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடிந்தது என்று அந்தப் பழைய தாளிலேயே பக்கத்தில் எழுதுங்கள். நீங்கள் நினைத்த எண்ணும் வந்த எண்ணும் எங்கே விலகுகின்றன என்று தெரியும். ஆனால் அலெர்ட் நேரங்களை உடனே மாற்றாதீர்கள். ஒரு மாத இறுதி போகட்டும், அந்த இரவின் எண்ணையும் எழுதிய பிறகு மாற்றுங்கள்.